ஐந்தாம் வகுப்பு சிஸ்டர்

ஐந்தாம் வகுப்பு சிஸ்டரைப் போன வருடம் அடக்கம் செய்தோம். மிஞ்சிய சிஸ்டர்கள் நாங்கள் நான்கு பேர், வகுப்புகள் ஐந்து. பள்ளியை இழுத்து மூட அது போதும் என்பது பங்குத்தந்தையின் கணக்கு. உத்தரவோடு வந்தார்.

“அஞ்சாம் வகுப்ப யாரு பாக்குறா?”

“பாக்குறாங்க, ஃபாதர். போய்ப் பாருங்க” என்றார் தலைமை சிஸ்டர், தலை நிமிராமல்.

நானும் கூடப் போனேன். கரும்பலகை நிறையக் கணக்கு. பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். நாற்காலி காலி.

“சிஸ்டர் எங்க?”

முன்பெஞ்சுச் சிறுமி நாற்காலியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். “கையக் கட்டி நில்லுங்க, ஃபாதர். திட்டுவாங்க.”

அவர் உத்தரவை வகுப்பு மேசைமேல் வீசிவிட்டு ஆபீசுக்குத் திரும்பினார்.

“திங்கக்கெழம பூட்டுறோம். அவ்வளவுதான்.”

மணி அடித்ததும் அந்தச் சிறுமி வழக்கம்போலத் திருத்திய நோட்டுக்கட்டைக் கொண்டுவந்தாள். மேலே அவருடைய உத்தரவு இருந்தது. குறுக்கே சிவப்பு மையில் கோடு; கீழே, “தப்பு. திருத்தி எழுதிக்கொண்டு வா.”

அவரும் இங்கே, அந்த சிஸ்டரிடம்தான் ஐந்தாம் வகுப்பு படித்தார். கையெழுத்து அடையாளம் தெரியாமல் இருக்குமா? கைகள் தாமாகக் கட்டிக்கொண்டன.

தலைமை சிஸ்டர் வெள்ளைத்தாளை நீட்டினார்.

“உக்காந்து எழுதுங்க, ஃபாதர்.”