காக்கி அட்டை போட்ட புத்தகம்

"பதினோரு பேர்மா! ரெண்டே மாசத்துல பதினோரு பேர் வேலையை விட்டுட்டுப் போயிருக்காங்க. இன்னும் ஒருத்தர் போனாலும் உங்க சீட்டுல வேற ஆள்தான், சொல்லிட்டேன்!"

முதலாளி சொல்லிவிட்டு விடுவிடுவென்று போய்விட்டார். ரெடிமேட் துணிக் கம்பெனியின் அயர்னிங் செக்ஷன் இன்சார்ஜ், ஆளில்லாமல் கிடந்த டேபிள்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தாள்.

அவள் என்ன சும்மாவா இருந்தாள்? நல்ல தலைவராவது எப்படி என்று எட்டுப் புத்தகம் வாங்கி, பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் படித்து, பச்சை மையில் அடிக்கோடு எல்லாம் போட்டிருந்தாள். தினமும் ஒருத்தரையாவது மனசாரப் பாராட்டு என்று ஒன்றில் இருந்தது. பாராட்டினாள். அந்தப் பெண் மறுவாரமே வேலையை விட்டுவிட்டாள்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே செக்ஷனில் இஸ்திரிப் பெட்டி பிடித்தவள்தான் அவள். அப்போதிருந்த சூப்பர்வைசர் காலத்தில் ஒருத்தர்கூட வேலையை விட்டதில்லை. இத்தனைக்கும் அவர் பெரிய நிர்வாகி எல்லாம் இல்லை. வேலை நேரத்தில் புத்தகம் படிக்கிற ஆசாமி!

காலை பதினோரு மணிக்கும் சாயங்காலம் நாலு மணிக்கும் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, காக்கி அட்டை போட்ட ஒரு தடிப் புத்தகத்தை விரிப்பார். அவ்வளவுதான், பத்து நிமிஷத்துக்கு இடியே விழுந்தாலும் தலை நிமிராது. படிப்பாளி என்று அவருக்குப் பட்டப்பெயர்.

அயர்னிங்கில் எட்டு மணி நேரமும் நின்றபடிதான் வேலை. யாராவது உட்கார்ந்ததைப் பார்த்தால் சூப்பர்வைசர் பேரை எழுதி ஆபீசுக்கு அனுப்பியாக வேண்டும். மூன்று தடவை பேர் போனால் வேலை போச்சு. அது கம்பெனி சட்டம்.

படிப்பாளி புத்தகத்தைத் திறந்ததுதான் தாமதம், எல்லோரும் துணி மூட்டைகள் மேல் தொப்பென்று உட்கார்ந்துவிடுவார்கள்.

"ஐயா ஞானம் தேடக் கிளம்பிட்டாருடி!"

"மெதுவாச் சிரிடி. பாதி வழியில திரும்பிடப் போறாரு."

அவளுக்கு அப்போது ஏழு மாசம். கால் இரண்டும் வீங்கி, செருப்புக்குள் நுழையாது. பக்கத்து டேபிள்காரி அந்தக் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துப் பிடித்துவிடுவாள். இன்னொருத்தி தன் மாமியார் நடக்கிற மாதிரியே நடந்து காட்டுவாள். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் அவளுக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. எப்பேர்ப்பட்ட நாட்கள்!

படிப்பாளியோ புத்தகத்தைப் பட்டென்று மூடி, ரெண்டு தடவை இருமி, மூக்கைச் சிந்தி, சாவகாசமாகத்தான் தலையைத் தூக்குவார். அதற்குள் அத்தனை பேரும் ஒன்றும் தெரியாத பிள்ளைகள் மாதிரி டேபிள் முன்னால் நிற்பார்கள்.

"சரியான ஏமாளி! நான் மட்டும் அந்தச் சீட்டுல உட்கார்ந்தா ஒருத்தர் தப்ப முடியுமா?" என்று அவளே சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

அந்தச் சீட்டு கிடைத்ததும் சொன்னபடி செய்தும் காட்டினாள். கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தாள், பார்த்ததை எழுதினாள். ரெண்டு தடவை பேர் போனவர்கள் மூன்றாவதுக்குக் காத்திராமல் அவர்களாகவே நின்றுகொண்டார்கள். சட்டம் சட்டம்தானே, இதில் தன் தப்பு என்ன என்று அவளுக்கு விளங்கவே இல்லை.

திடீரென்று பொறி தட்டியது. தன் எட்டுப் புத்தகத்திலும் இல்லாத ஏதோ ஒன்று அந்தக் காக்கி அட்டைக்குள் இருந்திருக்கிறது!

ஞாயிற்றுக்கிழமை காலை விலாசம் விசாரித்துப் போய்ப் படிப்பாளியின் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. ஆனால் ஆளைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார்.

"அட, வீங்கின காலோட நின்னு துணி தேய்ச்ச பொண்ணுதானே? வாம்மா, வா! குழந்தை எப்படி இருக்கு?"

"குழந்தையா? காலேஜே முடிச்சிட்டா சார்."

செக்ஷன் நிலவரத்தைக் கொட்டித் தீர்த்தாள்.

"சார், சுத்தி வளைக்காம கேட்கறேன். அந்தப் புத்தகத்தோட பேரு என்ன? என் வேலையே அதுலதான் இருக்கு."

"எந்தப் புத்தகம்மா?"

"தினமும் பதினொண்ணுக்கும் நாலுக்கும் படிப்பீங்களே, காக்கி அட்டை போட்டது!"

அவர் முகத்தில் அசடு வழிந்தது. சமையலறையிலிருந்து அவர் மனைவி சிரித்துக்கொண்டே வந்தாள்.

"இவராவது, புத்தகம் படிக்கறதாவது! வீட்டுக்கு வர்ற கல்யாணப் பத்திரிகையையே நான்தான் படிச்சுச் சொல்லணும். அந்தத் தடிப் புத்தகம்தானே? அலமாரி ஆடுதுன்னு முட்டுக் குடுத்து வெச்சிருக்கேன், இரும்மா."

உருவி, தூசி தட்டி நீட்டினாள். அதே காக்கி அட்டை. இன்சார்ஜ் ஆசை ஆசையாகத் திறந்தாள்.

பேர், விலாசம், நம்பர். அடுத்த பக்கம் புரட்டினாள். அங்கேயும் பேர், விலாசம், நம்பர்.

பழைய டெலிபோன் டைரக்டரி!

"என்ன சார் இது? இதையா விழுந்து விழுந்து படிச்சீங்க?"

பெரியவர் தலையைச் சொறிந்தார்.

"உட்கார்ந்தவங்களைப் பார்த்தா எழுதியே ஆகணும்னு ரூல். பார்த்துட்டுப் பார்க்கலைன்னு பொய் சொல்லவும் எனக்கு வராது. அதான், பார்க்காம இருக்கறதுக்கு ஒரு தடிப் புத்தகம் தேவைப்பட்டுச்சும்மா."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த மனுஷனையா ஏமாளி என்று சொல்லிச் சிரித்தோம்! டைரக்டரியை மூடி இரண்டு கையாலும் மடியில் பிடித்துக்கொண்டாள்.

"சார், இதை எனக்குக் குடுங்க. நாளையிலேருந்து நானும் படிக்கணும்."