நடுத்தட்டு

கோப்பைகளை வைப்பதற்கென்றே அந்தக் கால்பந்து கிளப், மைதானத்தைப் பார்த்தபடி ஒரு கண்ணாடி அலமாரி செய்து வைத்திருந்தது. மூன்று தட்டு. மூன்றும் காலி.

"இந்த வருஷம் கப்பு நமக்குத்தான்," என்றது மூலையில் கிடந்த பந்து. "எல்லாம் சின்னப் பசங்க. நேத்து சாம்பியன் டீமையே ஓட ஓட விரட்டினாங்க, பார்த்தியா?"

"நான் மட்டுமா பார்த்தேன்? அந்த சாம்பியன் டீம் முதலாளியும்தான் பார்த்தார்," என்றது அலமாரி.

சீசன் முடிந்ததும், அன்று கோல் அடித்தவனைச் சாம்பியன் டீம் வாங்கிக்கொண்டது. போகிறவனின் ஜெர்சியில் கையெழுத்து வாங்கி அலமாரியில் வைப்பது கிளப்பின் வழக்கம். மேல்தட்டில் வைத்தார்கள், கைதட்டினார்கள். அடுத்த வருஷம் கோல்கீப்பர் போனான். அவன் ஜெர்சிக்குக் கீழ்த்தட்டும் போயிற்று.

"நடுத்தட்டைத் தொட விடமாட்டேன். அது கப்புக்கு," என்றது அலமாரி.

அதற்கடுத்த வருஷம் பையன்கள் ஃபைனல் வரை போனார்கள். அவர்களைத் தோற்கடித்த கோலை அடித்தவன், மேல்தட்டு ஜெர்சிக்காரன். மறுவாரமே கேப்டனும் கிளம்பினான். அவன் ஜெர்சி நடுத்தட்டுக்கு வந்தது.

புது சீசனுக்குப் புதுப் பையன்கள் மைதானத்தில் இறங்கினார்கள். பந்துக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"என்ன வேகம் பாரு! இந்த வருஷம் கப்பு நமக்குத்தான்!"

"வந்தா, உன் பக்கத்துல தரையில வச்சுக்கோ," என்றது அலமாரி.