இங்கே சிரிப்பாங்க?

“மூணே நிமிஷம்தான். ஒரு தடவை கேட்டுட்டுப் போனா என்னவாம்?”

“நேரமாச்சு. சாயங்காலம் முழுசா கேட்டா போச்சு.”

ஒரு கால் செருப்புக்குள்ளும் ஒரு கால் வெளியிலுமாக, வாசற்கதவருகே அந்தப் பேச்சு முடிந்தது.

ஆறு மணிக்கு வகுப்பு. ஐந்தே முக்காலுக்குள் அவன் மூன்று முறை தண்ணீர் குடித்துவிட்டான். உட்காருவதும் எழுந்து ஜன்னலுக்குப் போவதும், திரும்பி வந்து நாற்காலியை நகர்த்துவதுமாக இருந்தான்.

‘மார்க்கெட்டிங் துறையினருக்கு மேடைப்பேச்சு’ என்று கதவில் ஒட்டியிருந்த அந்த அறையில் யாருக்கும் பெயர் கிடையாது. விற்கிற பொருள்தான் பெயர். டயர், சோப்பு, பெயின்ட், குக்கர். வருகைப் பதிவேட்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கும். அவன் மெத்தை.

“என்ன மெத்தை, உக்காரவே மாட்டேங்கறீங்க? முள் மெத்தையா?” என்றார் பக்கத்து நாற்காலி டயர்.

சிரிக்கப் பார்த்தான். வாய் ஒரு பக்கம்தான் போயிற்று.

“வந்து மூணு வகுப்பாச்சு. மொத்தமா நாலு வார்த்தை பேசியிருப்பீங்களா? உங்களை எவன்யா மார்க்கெட்டிங்ல எடுத்தான்?”

“எனக்கும் அதே சந்தேகம்தாங்க.”

மடியில் நீல அட்டை நோட்டு. குண்டு குண்டான எழுத்தில் பேச்சு முழுவதும் அதில் இருந்தது. மூச்சு விட வேண்டிய இடங்களில் சிவப்புக் கோடு. ஓரிடத்தில் மட்டும் ஓரமாக ‘இங்கே சிரிப்பாங்க’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தது.

பேச்சு மனப்பாடம்தான். அந்தக் கேள்விக்குறிதான் அவனை உட்கார விடவில்லை. இன்று யாரும் சிரிக்காமல் போனால், அது காலம் முழுக்க அப்படியே நின்றுவிடும்.

பயிற்சியாளர் அம்மாள் வேலைக்குப் புதியவர். பழைய பதிவேட்டில் விரலை ஓட்டிக்கொண்டே வந்து நிறுத்தினார்.

“மெத்தை... போன பேட்ச்ல நாலு வகுப்பு வந்திருக்கு. அப்புறம் எட்டு மாசம் ஆளையே காணோம். ஏங்க, மேடைன்னதும் ஓட்டமா?”

“ஓடலங்க. வர முடியாம போச்சு.”

“இன்னைக்கு விட மாட்டேன். வாங்க.”

எட்டு அடிதான் தூரம். நடந்து முடிப்பதற்குள் உள்ளங்கை ஈரத்தில் நோட்டின் அட்டை நமுத்துப்போயிற்று.

“நான் மெத்தை விக்க வரல...”

“கடைசி வரிசைக்குக் கேக்கல,” என்றார் சோப்பு.

தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தான். “நான் மெத்தை விக்க வரல. எங்க வீட்டுல தூங்கற ஒருத்தரைப் பத்திச் சொல்ல வந்திருக்கேன்.”

சிவப்புக் கோடு. மூச்சு விட்டான்.

“நான் வாயைத் திறந்தா போதும், அவங்களுக்குக் கொட்டாவி வந்துடும். ஆபீஸ் கதையை ஆரம்பிப்பேன். கதையில மேனேஜர் உள்ள வர்றதுக்குள்ள, கட்டில்ல குறட்டை வந்துடும். எங்க கம்பெனி மெத்தை அவ்வளவு சுகம்னு நானும் பெருமைப்பட்டுக்கிட்டேன். ஒரு நாள் சோதிச்சுப் பாக்கலாம்னு வெறுந்தரையில படுக்க வெச்சுப் பேசினேன். அன்னைக்கும் தூங்கிட்டாங்க.”

கோடு.

“அப்பதான் புரிஞ்சுது. எங்க மெத்தைக்கு மார்க்கெட்ல ஒரே ஒரு போட்டிதான். என் பேச்சு.”

கேள்விக்குறிக்கு வந்துவிட்டான்.

குக்கர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு விநாடி. இரண்டு.

முதலில் வெடித்தது டயர்தான். அவரிடமிருந்து சோப்புக்கும் பெயின்டுக்கும் பரவி, அறையே குலுங்கியது. பயிற்சியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். சிரிப்பு அடங்கும்வரை அவன் காத்திருந்தான். நோட்டில் அப்படித்தான் போட்டிருந்தது.

“ஒருத்தர் நம்ம பக்கத்துல பயமில்லாம கண்ணை மூடறாங்க. அதுக்கு மேல என்னங்க வேணும்? அந்தத் தூக்கத்துக்கு ஒரு நல்ல மெத்தை கொடுங்க. நான் பேசறதை அவங்க இன்னொரு நாள் கேட்டுக்கட்டும்.”

மிகச் சரியாக மூன்று நிமிடம். கைதட்டல் ஓய நேரமாயிற்று.

“இத்தனை நாள் இதை எங்கங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?” என்றார் டயர். கிண்டல் இல்லை இப்போது.

பயிற்சியாளர் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தார். மெத்தை என்ற பெயருக்கு எதிரே பழைய நாலு வருகைக் குறி. பிறகு வெறும் கட்டங்கள். பிறகு இந்த மாதத்து மூன்று. பக்கத்தில் இன்றைய குறியைப் போட்டார்.

“அடுத்த வாரம் அந்தத் தூங்குமூஞ்சியைக் கட்டாயம் கூட்டிட்டு வாங்க. இந்தப் பேச்சைக் கேக்காமத் தூங்கற ஆளை நாங்களும் பாக்கணும்.”

மறுபடி எல்லோரும் சிரித்தார்கள். அவன் மேஜை மேலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து, நோட்டை விரித்து, அந்தக் கேள்விக்குறியை மட்டும் நிதானமாக அடித்தான்.

“இதை எழுதினது என் மனைவிங்க. உங்க ரிஜிஸ்டர்ல இருக்கற மெத்தை அவதான்; நான் அவ இடத்துல வந்தவன். அந்த நாலு வகுப்பும் அவ வந்தது. அஞ்சாவது வகுப்பு அன்னைக்குப் பேச இருந்தா. வர்ற வழியிலேயே போயிட்டா.”

அவன் நோட்டை மூடினான்.

“அந்தத் தூங்கற ஆள் நான்.”