மத்தியாஸின் படம்

“அழாத மக்கா. கண்ணைத் துடைச்சிட்டு இந்தப் பக்கம் பாரு.”

புருஷன் பிணத்தின் பக்கத்தில் நிற்கிறவளிடம் ஒருவர் இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? சிவதாணுவுக்கும் வந்தது.

சொன்னவர் மரியஜான். நாகர்கோவிலில் ஸ்டுடியோ வைத்திருப்பவர். இராஜாக்கமங்கலம் கடற்கரையில், அந்த ஓலை வீட்டு முற்றத்தில் முக்காலி ஊன்றி, மரப்பெட்டி காமிராவை அதன்மேல் நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விடுவதும் எடுப்பதுமாக இருந்தார்.

முந்தின நாள் அடித்த காற்றில் கட்டுமரம் கவிழ்ந்து மத்தியாஸ் போய்விட்டார். காலையில்தான் உடல் கரை ஒதுங்கியது. பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். கோயில் மணி அடித்ததும் சவப்பெட்டியில் வைத்துத் தூக்க வேண்டும்.

“பெஞ்சைத் தலைப்பக்கம் கொஞ்சம் தூக்கிப் பிடியுங்கலே, முகம் தெரியணும். ஏட்டி வியாகுலம், சேலையை நேரா இழுத்து விடு.”

நிறைமாத வயிற்றோடு நின்ற வியாகுலம்மாள் சேலையை இழுத்துவிட்டாள்.

சிவதாணு சென்னைப் பத்திரிகை ஒன்றின் புகைப்படக்காரர். சொந்த ஊர் வடசேரி. காற்றடித்த கரையைப் படமெடுக்க வந்திருந்தார். அவருக்கு இரண்டு கொள்கைகள் உண்டு. துன்பத்தில் இருப்பவரை நில், பார், திரும்பு என்று சொல்ல மாட்டார். செத்தவர் முகத்தைப் படமெடுக்க மாட்டார். மேடை கிடைத்தால் இதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்.

“ஓய், நீரு மனுஷனா? பொணத்தை வெச்சா தொழில் நடத்துகீரு?”

“ஐயா, கொஞ்சம் மாறி நில்லுங்க. மணி அடிக்கப் போகுது. இவதான்...”

“பேசாதேயும்! அந்தப் பொம்பளையை அழக்கூட விட மாட்டீரா?”

சிவதாணு கறுப்புத் துணியைப் பிடித்து இழுத்தார். இழுத்த வேகத்தில் முக்காலி சரிந்தது. காமிரா அம்மிக்கல்லில் விழுந்து கண்ணாடி சுக்குநூறானது.

மரியஜான் குனிந்து காமிராவைத் தூக்கி நிறுத்தினார்.

“அப்போ நீங்களாவது உங்க காமிராவுல மத்தியாஸ் முகத்த ஒண்ணு எடுத்துருங்க.”

“பொணத்தையா? என்னை யாருன்னு நெனச்சீரு?”

அதைக் கேட்டதும்தான் வியாகுலம்மாள் உடைந்தாள். “போச்சே! ஒண்ணுமில்லாமப் போச்சே!” என்று மார்பில் அறைந்துகொண்டு மண்ணில் விழுந்தாள்.

சிவதாணு தன் சின்னக் காமிராவை எடுத்தார். அவளை நிற்கச் சொல்லவில்லை, பார்க்கச் சொல்லவில்லை. எடுக்கலாமா என்று கேட்கவும் இல்லை. படத்தில் பிணம் விழாமல் கவனமாக ஒதுக்கி ஒதுக்கி எடுத்தார். மணி அடித்தது.

படம் பத்திரிகை அட்டையில் வந்தது. ‘கடலே, இது தகுமா?’ என்று தலைப்பு. பார்த்தவர்கள் கலங்கினார்கள். ஒரு சங்கம் கூட்டம் போட்டுப் பொன்னாடை போர்த்தியது. அந்தக் கூட்டத்தில், பிணத்தை வைத்துப் பிழைக்கும் ஒரு ஸ்டுடியோக்காரரின் கதையையும் சிவதாணு சொன்னார். நல்ல கைதட்டல்.

சில மாதங்கள் கழித்து விடுமுறைக்கு அவர் வடசேரி வந்திருந்தபோது, வியாகுலம்மாள் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள். இடுப்பில் ஆண் குழந்தை.

சிவதாணு எதுவும் கேட்காமல் சட்டைப்பைக்குள் கையை விட்டார். தர்மசிந்தனை உள்ளவர்தான்.

“துட்டு வேண்டாம்யா.”

“பின்னே?”

“அன்னைக்கு நீங்க எடுத்த படம் எல்லாத்தையும் ஒருக்கா பாக்கணும். அவிய உசுரோட இருக்கும்போ ஒரு படம் எடுத்ததில்ல. எங்க பக்கம் பெட்டி மூடதுக்கு முன்ன எல்லாரும் கூடி நின்னு படம் எடுக்கது வழக்கம். மரியஜான் அண்ணனை நான்தான் ஆளு விட்டு வரச்சொன்னேன். பொறக்கப்போற பிள்ளைக்கு அப்பன் முகத்தக் காட்டணும்லா?”

சிவதாணு சட்டைப்பையிலிருந்து கையை எடுத்தார்.

“அப்போ, அன்னைக்கு நீ அழுதது...”

“காமிரா ஒடஞ்சிட்டே, நீங்களும் எடுக்க மாட்டேன்னுட்டிய. அதுக்குத்தான்யா அழுதேன். அப்பன்கூட நிக்க படத்துல அம்மை அழுதுட்டு நிக்கக் கூடாதுன்னு, அதுவரை பல்லக் கடிச்சிட்டு நின்னேன்.”

சிவதாணு உள்ளே போய்ப் படங்களை எடுத்துவந்து மேஜையில் பரப்பினார்.

ஒன்றில் அவள் மார்பில் அறைந்துகொண்டிருந்தாள். ஒன்றில் மண்ணில் கிடந்தாள். ஒன்றில் அவள் கண்ணீர் மட்டும். வியாகுலம்மாள் ஒவ்வொன்றாக எடுத்து, தன்னைத் தாண்டி ஓரங்களிலேயே தேடினாள். எதிலும் மத்தியாஸின் முகம் இல்லை. கொள்கைக்காரர் அவ்வளவு சுத்தமாக ஒதுக்கியிருந்தார்.

கடைசிப் படத்தின் மூலையில் மட்டும், பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிய இரண்டு பாதங்கள் தப்பித்தவறி விழுந்திருந்தன.

வியாகுலம்மாள் அதை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு படத்தைக் குழந்தையின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“பாரு மக்கா, உங்க அப்பா.”