பார்கவி சொன்ன வீடியோ

முப்பத்து நாலாவது விடைத்தாளிலும் அதே தப்பைப் பார்த்ததும் சூர்யநாராயணனுக்கு உள்ளூர மனம் குளிர்ந்தது. சிவப்பு மையால் அதை வட்டமிட்டு, தாளைத் தனியாக எடுத்து வைத்தார்.

தொகையீட்டுக் கணக்கில் மாறியை மாற்றினால் எல்லைகளையும் மாற்ற வேண்டும். பிளஸ் டூ பையனுக்கே தெரிந்த சங்கதி. பார்கவியின் வகுப்பில் நாற்பத்தோரு பேரில் முப்பத்து நான்கு பேர் பழைய எல்லைகளையே போட்டு, ஒரே மாதிரி தப்பான விடைக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

மும்பை ரயில் போகும் சிஞ்ச்வட் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலிருந்த அந்த என்ஜினீயரிங் கல்லூரியில் சூர்யநாராயணன் கணிதத் துறைத் தலைவர். கோயம்புத்தூர்க்காரி பார்கவி அவருக்குக் கீழே ஆறு வருடமாக ஒப்பந்த விரிவுரையாளர். இந்த வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தால் வேலை நிரந்தரமாகிவிடும். அதை நினைத்தாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பின்னே? போர்டில் சாக்பீஸ் தேயத் தேயக் கணக்குப் போட்டால்தான் வாத்தியார். இவளோ திரையில் வளைகோட்டை ஆட்டிக் காட்டுகிறாள், செல்போனில் வினாடி வினா வைக்கிறாள், வீட்டிலேயே வீடியோ பார்த்துவிட்டு வரச் சொல்கிறாள். ஊரடங்கின்போது நிர்வாகத்தின் நச்சரிப்பு தாங்காமல் அவரும் நாற்பது பாடம் பதிவு செய்து கொடுத்தவர்தான். கொடுத்ததோடு தலைமுழுகினார். ஒன்றையாவது திரும்பிப் பார்த்ததில்லை.

பார்கவியையும், அவள் வகுப்பில் இருந்த ஒரே தமிழ்ப் பெண்ணான சஹானாவையும் அறைக்கு வரவழைத்தார். மேஜை மேல் பிரின்சிபாலுக்கு எழுதிய கடிதம் தயாராக இருந்தது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாம் என்ற ஒரே வரி. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

“இந்தக் கணக்கை இப்படிப் போட எங்க கத்துண்ட?” என்று சஹானாவிடம் கேட்டார்.

சஹானா இந்த ஊரிலேயே விஷ்ராந்த்வாடியில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் அவளுக்குத் தத்தித் தத்தித்தான் வரும்.

“வீடியோல ஸார். மேடம்தான் பாக்கச் சொன்னாங்க.”

பார்கவி மறுக்கவில்லை. மேஜை மேலிருந்த கடிதத்தைப் பார்த்தாள்.

“அந்த வீடியோவ நீங்க ஒருக்கா பாத்துருங்க ஸார். அப்புறம் கையெழுத்துப் போடுங்க.”

“இதுல பாக்கறதுக்கு என்ன இருக்கு? ட்ரிவியல்” என்றார் சூர்யநாராயணன். இருந்தாலும் கடிதத்தில் இன்னும் நாலு வரி சேர்க்கலாமே என்று கையை நீட்டினார். சஹானா தயங்கித் தயங்கிச் செல்போனைக் கொடுத்தாள். வகுப்பு வாட்ஸாப் குழுவில் கைமாறி வந்த வீடியோ அது.

திரையில் ஆள் இல்லை. வெள்ளைப் பின்னணியில் டிஜிட்டல் பேனா மட்டும் பேய் பிடித்தது போல ஓடிக்கொண்டிருந்தது. எழுத்து கோழி கிளறிய மண். குரலோ, மும்பை ரயில் கிளம்பிவிட்டது என்று பிளாட்பாரத்தில் ஓடுகிறவனின் குரல். மூச்சு விடாமல் ஆங்கிலத்தில் கொட்டித் தீர்த்தது.

“இவன் வாத்தியாரா, ஏலம் விடறவனா?” என்று சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

பேனா மாறியை மாற்றியது. எல்லைகளைத் தொடவில்லை. அடுத்த வரி ஏன் வந்தது என்று சொல்லாமல் ‘ட்ரிவியல்’ என்றது குரல். மூன்று நிமிடத்தில் ஐந்து தடவை ட்ரிவியல்.

சூர்யநாராயணனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பேனாவைத் திறந்து கடிதத்தில் வரிவரியாகச் சேர்த்தார். பாடம் நடத்துபவருக்கு அடிப்படைக் கணிதமே தெரியவில்லை. எழுத்தும் புரியவில்லை, பேச்சும் புரியவில்லை. விளக்கத் தெரியாத இடத்தையெல்லாம் ட்ரிவியல் என்று சொல்லித் தாண்டிவிடுகிறார். இப்படிப்பட்டவரின் பாடத்தை மாணவர்களுக்குச் சிபாரிசு செய்தவர் ஆசிரியப் பணிக்கே லாயக்கற்றவர்.

எழுதியதை உரக்க வாசித்துக் காட்டினார். பார்கவி தலையைக் குனிந்துகொண்டாள். அழப்போகிறாள் என்று அவருக்குத் தோன்றியது. அதுவும் இதமாகத்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார்.

“இந்த மாதிரி ஆளை எந்தக் காலேஜ் வாசல்லயும் விடக்கூடாது. யாரு இவன்? பேரையும் எழுதிடறேன். சொல்லு.”

சஹானா பார்கவியைப் பார்த்தாள். பார்கவி நிமிரவே இல்லை.

“உன்னத்தான் கேக்கறேன். பேர் என்ன?”

சஹானா மேஜைக்கு அருகே வந்து, செல்போன் திரையின் ஓரத்தில் விரலால் ஏதோ தொட்டாள். தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்த பேனா சட்டென்று நிதானமானது. குரல் கனத்து, இரண்டு தடவை தொண்டையைச் செருமிவிட்டு, சாவகாசமாக ‘ட்ரிவியல்’ என்றது.

சூர்யநாராயணன் கையிலிருந்த பேனா அப்படியே நின்றது.

“ஸாரி ஸார்” என்றாள் சஹானா. “உங்க கிளாஸ நாங்க எப்பவும் டபுள் ஸ்பீட்லதான் பாப்போம்.”