நாற்பது கன்றுகள்

ஓஷ் நகரத்திலிருந்து வந்த ஜீப் மண் அணை மேல் நின்றது. இறங்கிய அணை இன்ஸ்பெக்டர் பெர்மெத், கரை நெடுக வரிசையாக நின்ற பாப்ளர் கன்றுகளைப் பார்த்ததும் கொதித்துப்போனாள்.

“கரையில மரம் வெச்சது யாரு?”

அணைக் காவலர் எசென்குல் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். “ஆம்பளைப் பிள்ளை பிறந்தா நாற்பது பாப்ளர் நடுறது நம்ம வழக்கமாச்சே. அவன் வளந்து வீடு கட்டும்போது உத்தரத்துக்கு ஆகும்.”

“வேர் இறங்கினா அதுவழியா தண்ணி கசியும். அடுத்த வெள்ளத்துல கரையும் போகும், ஊரும் போகும். அப்புறம் வீடு எங்க கட்டுறது?”

“வீட்டுல நட்டா ஆடு மேஞ்சிடுது. இங்கதான் கம்பி வேலி இருக்கு. பேரன் பிறந்த சந்தோஷத்துல ஒரு கிழவன் நட்டுட்டான்.”

“கிழவனுக்குத்தான் புத்தி இல்லை. பிள்ளையைப் பெத்தவளாவது தடுத்திருக்கக் கூடாதா?”

“அவ டவுன்ல பிரசவ லீவுல இருந்தா. இன்னைக்குத்தான் டூட்டிக்கு வந்திருக்கா. வந்ததும் வராததுமா என்னைத் திட்டிக்கிட்டு நிக்கிறா.”

டிரைவர் சிரித்துவிட்டான். பெர்மெத் முறைக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை.

“வேர் அறாம தோண்டுங்க, அப்பா. நம்ம கொல்லையிலயே நட்டுடலாம்.”

“ஆடு?”

“தொட்டில் விருந்துக்கு ஆகும்.”