கட்டில் சின்னம்

தொகுதி உருவான நாள்முதல் ஒரே வீட்டுத் தாத்தாவும் மகனும் பேரனும்தான் ஜெயித்துவருகிறார்கள். அவர்களை எதிர்த்து ஒவ்வொரு தேர்தலிலும் சுயேச்சையாக நிற்பவள் தங்கபுஷ்பம். கிடைத்த சின்னத்தைக் கையில் தூக்கிக்கொண்டுதான் ஓட்டுக் கேட்பாள். தோற்றதும் அது வீட்டுப் புழக்கத்துக்கு வந்துவிடும். குக்கரும் வாளியும் அப்படி வந்தவைதான். இந்த முறை கட்டில் கிடைத்தது.

“கட்டிலத் தூக்கிக்கிட்டு எவளாவது ஓட்டுக் கேப்பாளா?” என்றார் கணவர், அதில் படுத்தபடியே.

“மொதல்ல நீங்க எந்திரிங்க.”

அவர் எழுந்ததும் கட்டிலைத் தலையில் ஏற்றிக்கொண்டு தெருவில் இறங்கினாள். கோயில் முக்கில் கழுத்து வலித்தது, நிற்கவில்லை. பள்ளிக்கூடம் தாண்டியதும் பின்பக்கம் சட்டென்று கனம் குறைந்தது.

“காலு நாலு இருக்கு. இன்னும் ரெண்டு பேரக் கூப்பிடுங்க,” என்றாள், திரும்பிப் பார்க்காமலே.